ஓலைக்கு வெளியே உருண்ட காய்

குருத்தோலை ஞாயிறு முடிந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் தோப்புக்குப் போகும் பாதையில் இரண்டு கம்பு நட்டு, நடுவில் கயிறு இழுத்து, அதில் ஒரு குருத்தோலையை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மரம் ஏறி நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்போன் நகரத்தில் படித்த காலத்தில் என் உள்ளங்கால் மெத்தென்று ஆகிவிட்டது. தொடையின் உள்பக்கமெல்லாம் சிராய்ப்பு, வியர்வை பட்டு எரிந்தது. ஆனாலும் கை நடுங்கவில்லை. ஆத்திரத்தில் எனக்குக் கை நடுங்காது, வாய்தான் தப்பும். அன்றைக்கும் வாய்தான் தப்பியது.

எனக்குப் பின்னால் நில அளவைக்காரர் ஹெரு நின்றிருந்தார். ஜாவாக்காரர், தோளில் அளவைக் கருவியின் முக்காலி, கழுத்தில் துண்டு. அவருக்காக ஆரஞ்சு பெயிண்ட் அடித்த குச்சிகளைக் கட்டாகச் சுமந்து வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு பஸ்காலிஸ் அண்ணன். ஓலையைப் பார்த்ததும் அண்ணன் கட்டைக் கீழே இறக்கிவிட்டார். கட்டிய ஓலை என்றால் தடை, தாண்டுகிறவரை நோய் பிடிக்கும் என்பது எங்கள் தீவின் நம்பிக்கை.

"ஏங்க நின்னுட்டீங்க? ஓலைதானே?" என்றார் ஹெரு.

"ஓலைதான் சார். நீங்க வேணும்னா தாண்டிப் போங்க. உங்க ஊர்ல பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. எனக்கு இங்க டவுனுக்குப் போகவே வாரத்துக்கு ஒரு படகு."

ஹெரு சிரித்தார். பிறகு பஸ்காலிஸ் அண்ணன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு முக்காலியை இறக்கி வைத்தார்.

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார். போனிஃபாஸ் மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்ப நிலம் முழுமைக்கும் இப்போது பேச வேண்டியவர் அவர், பேசி முடித்தும்விட்டார். கடற்கரையிலிருந்து மேடுவரை, அம்மாவின் தோப்பையும் சேர்த்து, வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். தங்கும் விடுதி வரப்போகிறது, தண்ணீருக்கு மேலே மரவீடுகள். கம்பெனிக்காரர்கள் காட்டிய வண்ணப்படத்தை நானும் பார்த்தேன். அதில் எங்கள் தென்னைகள் இருந்தன. கடல் பக்கம் சாய்ந்து நிற்கும் அந்த இரட்டை மரம்கூட இருந்தது. அதனடியில் ஒரு வெள்ளைக்காரி படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லை. கொப்பரை காயவைக்கும் பரண் இல்லை. காய் முற்றி விருந்தாளி தலையில் விழுந்துவிடக் கூடாது என்று குரும்பையிலேயே வெட்டிவிடுவார்களாம். மாமா அதை ஏதோ பெரிய நாகரிகம் போலச் சொன்னார்.

எங்கள் தீவில் மண் குடும்பத்துடையது, மரம் நட்டவருடையது. என் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு மூன்று வயது. அப்பா வீட்டில் எங்களுக்கு இடமில்லாமல் போய், அம்மா பிறந்த ஊருக்கே திரும்பினாள். அப்போது குடும்பம் கூடி இந்தச் சரிவைக் காட்டி, நட்டுத் தின்றுகொள் என்றது. கல்லும் முள்ளும் கிடந்த இடம் என்பதால்தான் அவ்வளவு தாராளம். அம்மா அறுபத்து நாலு தென்னை வைத்தாள். அந்தக் கொப்பரைதான் என் பள்ளிக்கூடம், என் படகு, அம்போனில் என் வாடகை அறை, பட்டமளிப்பு விழாவுக்கு நான் கடன் வாங்காமல் போட்ட கறுப்புச் செருப்பு. எங்கள் வழியில் கல்லூரிக் கட்டடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதனால்தான் முதலில் நகரத்து நில அலுவலகத்துக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட மனு, மரங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் நட்ட வருஷம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "மண்ணு யார் பேர்ல தங்கச்சி?" என்றார். சொன்னேன். "மரத்துக்குன்னு தனியா பத்திரம் கிடையாதும்மா," என்று பட்டியலை என் பக்கமே திருப்பித் தள்ளினார். பாரத்தில் மரத்துக்குக் கட்டமே இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

எங்கள் வழக்கச் சட்டத்தில் பெண்ணைப் பார்த்து விசிலடித்தால் அபராதம். கண்ணடித்தால் அபராதம். சண்டைக்கு நடுவே ஒரு பெண் போய் நின்றால் ஆண்கள் அரிவாளைக் கீழே போட வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர்கள் இதைக் கேட்டுக் கண் கலங்குவார்கள். அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு மண் மட்டும் கிடையாது.

"என்ன விக்கா," என்றார் மாமா. "படிச்ச புள்ள, நீயுமா ஓலை கட்ட ஆரம்பிச்சுட்ட? அம்போன்ல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

"அங்க சொல்லிக்குடுத்தது இங்க செல்லுபடியாகல மாமா. அதான் இங்க இருக்கறதையே எடுத்தேன்."

பஸ்காலிஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"சரி, கட்டிட்ட. வார்த்தை சொல்லணுமே? வார்த்தை இல்லாத ஓலை வெறும் ஓலை. சொல்லு, கேக்கறோம்."

சொன்னேன். உரக்கவே சொன்னேன். "இந்த ஓலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது மண்ணோ மரமோ காயோ, எதா இருந்தாலும் சரி, எந்த மனுஷரும் உள்ள போகக் கூடாது, எந்த மனுஷரும் எடுக்கக் கூடாது. கடலும் வானமும் கேட்டுக்கட்டும்."

மாமாவின் தாடை நின்றது. ஒரு கணம்தான். பிறகு வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "கேட்டீங்களா எல்லாரும்?" என்றார். வீட்டிலிருந்து சேகண்டியை எடுத்து வரச் சொல்லி, அவரே மூன்று முறை தட்டினார். யாருக்கு எதிராக ஓலை கட்டுகிறோமோ அவரே சேகண்டி தட்டித் தடையை உறுதி செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா பணிந்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுகூட நின்றேன், முட்டாள்.

சேகண்டிச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். முதுகில் கூடை, கையில் மட்டை உரிக்கும் இரும்பு. வழக்கம்போல தோப்புக்குப் புறப்பட்டவள் கயிற்றுக்கு முன்னால் நின்றாள். 

"அக்கா," என்றார் மாமா, மெதுவாக, கிட்டத்தட்டப் பாசமாக. "உன் பொண்ணு கட்டிட்டா. எந்த மனுஷரும்னு சொல்லிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே ஓலை கட்டுகிற யாரும் முதலில் தன் ஆட்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அடைப்பார்கள். இன்னாரைத் தவிர, இன்னார் பிள்ளைகளைத் தவிர என்று தொடங்கித்தான் தடையே வரும். நிக்கர் போடாத குழந்தைகள்கூட மணலில் கோடு கிழித்து விளையாடும்போது அப்படித்தான் சொல்லும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆய்வறிக்கை எழுதியவள் நான். 'என் அம்மாவைத் தவிர' என்ற மூன்று வார்த்தை எனக்கு வரவில்லை.

அம்மா ஓலையைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னை.

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க," என்றாள். கூடையை முதுகிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

அடுப்படியில் நான் கத்தினேன். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுகிறேன் என்றேன். அம்மா மரவள்ளியைத் துருவிக்கொண்டிருந்தாள். எங்கள் மரவள்ளி விஷக் கிழங்கு. துருவி, சாக்கில் கட்டி, மேலே கல் வைத்து, விஷத்தண்ணி முழுக்க வடிந்த பிறகுதான் எம்பால் என்று நாங்கள் சொல்லும் அப்பத்தைச் சுட முடியும். அவசரப்பட்டால் ஆள் போய்விடும். அம்மா எதற்குமே அவசரப்படாதவள்.

"அவிழ்த்த இடத்துல ஒரு வருஷத்துக்கு யாருமே ஓலை கட்ட முடியாது. தெரியாதா உனக்கு? நீ அவிழ்த்த மறுநாள் போனி குச்சி நட்டுருவான்."

"அப்ப நீ பாட்டுக்கு உள்ள போம்மா. உன் மரம் அது. யாரு கேக்கறது?"

"நீதான் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே."

"வெறும் ஓலைம்மா!"

துருவுவதை நிறுத்தினாள். "வெறும் ஓலைன்னா அந்த ஜாவாக்காரன் ஏன் திரும்பிப் போனான்? நானே தாண்டினா அப்புறம் அவன் தாண்ட மாட்டானா?"

 தடை நிற்க வேண்டுமென்றால் அம்மாவும் அதற்கு வெளியே நிற்க வேண்டும். இதை மாமா ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் எட்டாம் வகுப்பு.

அதற்குப் பிறகு மாமா ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அவர் செய்தது. கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னார். ஓலை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து ஆறேழு மாதத்தில் நைந்துபோகும். புது ஓலை சேர்த்துக் கட்டுவதற்குள் பழையது தானாக அறுந்து விழுந்தால் தடையும் விழுந்தது. அதுவரைக்கும் நாங்கள் தாக்குப்பிடிப்போமா என்பதுதான் கேள்வி. அவர் நேரே பார்த்து அதைக் கேட்டதுகூட இல்லை.

மே மாத வாக்கில் அரிசி தீர்ந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்தது. கொப்பரை இல்லாததால் டவுன் படகில் எங்கள் பேரில் எதுவும் போகவுமில்லை, வரவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளிப் பாத்தி, கடல் வற்றும்போது பொறுக்குகிற சிப்பி, பப்பாளி இலை. மீனும் வந்தது. மாமாவின் மனைவி தெக்லா அத்தை தினமும் ஒரு கூடையில் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவைப் பட்டினி போடுகிற தம்பிக்கு எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அம்மா அதை வாங்கிச் சுட்டுச் சாப்பிட்டாள்.

"எப்படிம்மா உனக்கு இறங்குது?"

"மீன் என்னடி செஞ்சுது?" என்று முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அவனைத் தூக்கிட்டு நடந்தவ நான். அவன் மீனைத் தின்னேன்னு என் மரத்தைக் குடுத்துற மாட்டேன்."

நான் மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் தொட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த நாலாம் நாள் மீன் அவ்வளவு ருசியாக இருந்தது, அதற்காக எனக்கு மாமாமேல் வந்த வெறுப்பு அதுவரை வந்ததிலேயே பெரியது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சத்தம்தான். எங்கள் அடுப்படிக்கு இருபது தப்படியில் கயிறு. அதற்கு அப்பால் தோப்பு. பறிக்க ஆளில்லாமல் காய்கள் முற்றி, காய்ந்து, தானாக விழத் தொடங்கின. தொம். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. காற்றடித்தால் இருபது. அம்மா துருவிக்கொண்டே தலை நிமிராமல் சொல்வாள், "கிழக்கு ஓரம், மூணாவது." தொம். "இரட்டைல வலது." ஆரம்பத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிறகு வாயை மூடு என்று கத்தினேன். அவள் வாயை மூடினாள். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை ஒரு நொடி நிற்கும். அதைப் பார்ப்பதற்குச் சொல்வதே மேல்.

ஜூலையில் ஒரு நாள், பெரிய காற்று. மேட்டிலிருந்து விழுந்த ஒரு காய் சரிவில் குதித்துக் குதித்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து, பாதையைத் தாண்டி, எங்கள் விறகு அடுக்கில் முட்டி நின்றது. மீன் கொண்டுவந்த தெக்லா அத்தை அப்போது அங்கேதான் இருந்தாள்.

"தொடாதீங்க!" என்று அலறினாள். "உள்ள இருந்து வந்தது உள்ளதுதான்!"

"அது தானா வந்துச்சு அத்தை. நாங்க என்ன கயிறு கட்டியா இழுத்தோம்?"

"நீங்க படிச்சவங்க, இழுத்தாலும் இழுப்பீங்க."

இதற்காக மாமாவைக் கூப்பிட்டார்கள். நிஜமாகவே கூப்பிட்டார்கள். ஒரு தேங்காய்க்குப் பஞ்சாயத்து. பஸ்காலிஸ் அண்ணன் உட்பட எட்டுப் பேர் வந்து காயைச் சுற்றி நின்று, செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மாமா என் கன்ன எலும்பைப் பார்த்தார், அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. இரக்கம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

"ஓலைக்கு வெளியே வந்தது வெளியேதான்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இது அக்காவுது. எடுத்துக்கோ அக்கா. ஒரு காயால என்ன ஆயிரப்போகுது?"

எல்லாரும் போன பிறகு அரிவாளை எடுத்தேன். துருவிப் பால் எடுத்துப் பப்பாளி இலையில் ஊற்றினால் எப்படியிருக்கும் என்று வாயெல்லாம் ஊறியது. அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்?"

"அது உருண்டு வந்து நின்ன இடம் நல்லா இருக்கு. நெழல் இல்ல." காலாலேயே மண்ணைத் தள்ளித் தள்ளிக் காயைப் பாதிவரை மூடினாள். குதிகாலால் ஓரத்தை மிதித்து இறுக்கினாள். பசியில் அவள் கால் ஒரு குச்சி போல இருந்தது.

நான் சொல்லக் கூடாததையெல்லாம் அன்றைக்குச் சொன்னேன். ஏழு வருஷம் கழித்துக் காய்க்கப்போகிற மரத்துக்காக இன்றைக்குச் சாகிறவள் என்றேன். உன்னை மாதிரி ஆட்களால்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது என்றேன். அவள் விறகை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காயில் முட்டாதபடி.

செப்டம்பர் வாக்கில் கயிற்றோரம் நின்று உள்ளே பார்த்தபோது தரையெல்லாம் பச்சையாக இருந்தது. விழுந்த காய்கள் விழுந்த இடத்திலேயே முளைத்துக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில், கூர்கூராக. முதலில் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. பிறகு கணக்கு புரிந்தது. மரம் நட்டவருடையது என்றால், யாரும் நடாத மரம் யாருடையது? மண்ணுடையவனுடையது. என் ஓலைக்குப் பின்னால், அம்மாவின் காய்களிலிருந்து, மாமாவின் தோப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நான்தான் காவல்.

அக்டோபர் கடைசியில் ஓலை நார் நாராகிவிட்டது. கீற்றுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடு ஈர்க்கும் இரண்டு நாரும்தான் முடிச்சில் தொங்கின. மேற்குக் காற்று தொடங்கினால் ஒரு மணி நேரம் தாங்காது. புது ஓலை வேண்டும். புது ஓலை கட்டுகிறவளின் சொந்த மரத்திலிருந்து வர வேண்டும், அல்லது மரத்துக்காரர் தன் வாயால் கொடுக்க வேண்டும். திருடிய ஓலைக்கு உயிர் இல்லை. அம்மாவின் மரம் அறுபத்து நாலும் ஓலைக்கு உள்ளே. நானே அடைத்து வைத்தது.

ஆகவே பிச்சைக்குப் புறப்பட்டேன். கடலிலிருந்து பார்த்தால் தென்னையைத் தவிர வேறொன்றும் தெரியாத தீவில், ஒரு குருத்தோலைக்கு. குருத்தோலை ஞாயிறன்று கோயில் வாசலில் யேசுவுக்காக ஆளுக்கு நாலு வெட்டிக் கொண்டுவந்து குவித்தவர்கள்தான் எல்லாரும். ஞானோபதேசியார் தன் தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது என்றார். கடைக்காரி, கணவர் கடலிலிருந்து வரட்டும் என்றாள். அவள் கணவர் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்துக்கு இரண்டு மணி நேரம் நடந்து போனேன். உங்கள் ஊர்ப் பிரச்சினை, உங்கள் மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், இளநீர் கொடுக்கவில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு போய் ஓலை என்று சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள்.

கடைசியாகப் பக்கத்து வீடு. பஸ்காலிஸ் அண்ணன் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"கேக்காத விக்கா," என்றார் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"ஒரே ஒரு ஓலை அண்ணே. உன் கொல்லையில பன்னி மிதிக்குது ஓலையை."

"தெரியும். பன்னி மிதிச்சா யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க." தூரிகையைத் தாரில் வைத்துவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் பார்த்தார். "என் பெரியவன் பேரு விடுதி வேலை லிஸ்ட்ல இருக்கு. படகு ஓட்டற வேலை. போனிதான் எழுதிக் குடுத்துருக்கான். நான் ஓலை குடுத்தா அந்தப் பேரை அடிப்பான். அடிக்க மாட்டான்னு வேணா சொல்லு, இப்பவே ஏறறேன்."

அடிக்க மாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் மாமா தன் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பாட்டிலில் சோப்பி என்கிற உள்ளூர்ச் சாராயம், தொடாமல்.

"உக்காரு."

நின்றேன்.

"எத்தனை வீடு?"

"எல்லா வீடும்."

"என்கிட்ட கேக்கலையே?"

கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. அவரே பேசினார்.

"விக்கா, நீ நல்லா யோசி. உனக்கு இன்னைக்கு அம்போன்ல ஒரு வேலை வந்தா போயிருவ. போகணும். அதுக்குத்தான் படிச்சது. உங்கம்மாவுக்கு வயசு அம்பத்தெட்டு. யாரு ஏறுவா மரத்துல? என் பசங்க ரெண்டு பேரும் பாப்புவால சுரங்கத்துல கெடக்காங்க. எவனும் திரும்பி வந்து தேங்கா உரிக்கப் போறதில்ல. வித்துட்டா அக்காவுக்கு விடுதி சமையல்கட்டுல வேலை போட்டுத் தரேன்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்துருக்கான். சாயங்காலமானா வீட்டுக்கு வந்துறலாம். சட்டை குடுப்பாங்க. நான் என்ன அவளைக் கடல்லயா தள்ளறேன்?"

"அவ மரத்தைப் பார்த்துக்கிட்டே அவ பாத்திரம் கழுவணும்."

"நீ மட்டும் என்ன குடுத்துருக்க அவளுக்கு? ஏழு மாசமா பார்த்துக்கிட்டேதான் இருக்கா." பாட்டிலைத் திறந்தார். "வியாழக்கிழமை படகுல ஹெரு வர்றாரு. காத்து புதன்கிழமையே வந்துரும்னு எனக்குத் தோணுது. நீயே அவிழ்த்துட்டா கௌரவமா இருக்கும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்போனில் மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை, ஒருவேளை என் முகத்தில் எழுதியிருக்கலாம்.

புதன்கிழமை காற்று வரவில்லை. வியாழன் விடிந்ததும் வந்தது. ஹெருவின் படகு வந்த அதே நேரத்தில் வந்தது. நான் கயிற்றோரம் முழங்காலிட்டு இரண்டு உள்ளங்கையாலும் அந்த ஈர்க்கைக் காற்றுபடாமல் மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நார் அறுந்துவிட்டது. ஒன்று மிச்சம். கடற்கரையிலிருந்து பாதையில் ஆட்கள் ஏறி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. மாமாவின் சிரிப்பு, ஹெருவின் மூச்சிரைப்பு, ஆரஞ்சுக் குச்சிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். அவிழ்த்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, ஒரு கணத்துக்கும் அதிகமாகவே நினைத்தேன். விரல் முடிச்சில்தான் இருந்தது.

அம்மா அடுப்படிப் பக்கத்திலிருந்து வந்தாள். கையில் மட்டை உரிக்கும் இரும்பு இல்லை, சின்ன மீன் கத்தி. இன்னொரு கையில் ஏதோ பச்சையாக.

விறகடுக்கு ஓரம் அம்மா மண் மூடி வைத்த காய் முளைத்திருந்ததே, அதன் குருத்து. ஒரு சாண்தான் இருக்கும். இன்னும் விரியவில்லை. கீற்றாகக்கூடப் பிரியவில்லை, ஒரே மடிப்பாக, மழை நனைந்த காகிதம் போல மினுங்கியது. அடியில் வெட்டிய இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"நடுக்குருத்தையே வெட்டிட்டியாம்மா? செத்துருமே."

"சாகலாம். சாகாமலும் இருக்கலாம்." என் கையில் வைத்தாள். "கட்டு."

"இது செல்லுமா?"

"நட்டது நான். வெளியே வந்தது வெளியேன்னு சொன்னது அவன். எட்டுப் பேர் கேட்டாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "கட்டுடி."

கட்டினேன். இந்தத் தடவை கை நடுங்கியது. முடிச்சு போடுவதற்கே ஓலையில் நீளமில்லை. அம்மா தலையிலிருந்து நாலைந்து முடியை இழுத்துப் பிடுங்கித் திரித்துக் கொடுத்தாள், அதால் சுற்றினேன். நான் முடிப்பதற்கும் பழைய ஈர்க்கு என் மணிக்கட்டில் பட்டுக் கீழே விழுவதற்கும் சரியாக இருந்தது. எது முந்தி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவர்கள் மேடேறி வந்து நின்றார்கள். மாமா, ஹெரு, பஸ்காலிஸ் அண்ணன், இன்னும் ஏழெட்டுப் பேர். மாமா தரையில் கிடந்த ஈர்க்கைப் பார்த்தார். கயிற்றில் ஆடிய பச்சைத் துணுக்கைப் பார்த்தார். பிறகு விறகடுக்கைப் பார்த்தார். அங்கே வெட்டுப்பட்ட முளை ஒன்று மண்ணில் கட்டைவிரல்போல் நின்றது. அவர் வாயில் வெற்றிலை இருந்தது, மெல்லவில்லை.

"இதையா ஓலைங்கற?" என்றாள் தெக்லா அத்தை பின்னாலிருந்து. 

பஸ்காலிஸ் அண்ணன் குச்சிக் கட்டைத் தோளில் வைத்தபடியே நின்றார். இறக்கவும் இல்லை, ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கவும் இல்லை.

புது ஓலைக்குப் பழைய வார்த்தைதான். மாற்றிச் சொல்ல முடியாது, ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாது, சொன்னால் அம்மா மறுபடியும் வெளியேதான். இந்தத் துணுக்கு ஒரு மாதம் தாங்கினால் அதிகம். அம்மாவைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக, அவள் என்னைப் பார்க்காமல் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வார்த்தை சொல்லணுமே," என்றார் மாமா. 

நான் வாயைத் திறந்தேன். காற்று திரும்பி அடித்தது. அந்த ஒரு சாண் ஓலை மடிப்பு விடாமலேயே அம்மாவின் நரைமுடியில் சுற்றிச் சுற்றித் திரும்பியது. உள்ளே எங்கோ ஒரு காய் விழுந்தது.

அம்மா தலையைத் திருப்பினாள். "இரட்டைல இடது," என்றாள்.